ஒரே மால்ட், இரண்டு விஸ்கி

1908ஆம் ஆண்டில் பீட்டர் மேக்கி என்ற விஸ்கி வணிகர், பக்கத்து ஆலையின் சுவையை அப்படியே நகலெடுத்துவிடத் துணிந்தார். ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கும் ஐலா தீவில் லகவூலின் வடிசாலை அவருடைய நிறுவனத்துக்குச் சொந்தம். கரையோரச் சாலையில் அங்கிருந்து ஏறக்குறைய 2 கிலோமீட்டர் போனால் லஃப்ராய்க் வடிசாலை. லஃப்ராய்க்கின் சரக்கை விற்கும் உரிமை நெடுங்காலம் மேக்கியின் நிறுவனத்திடம் இருந்து, 1907இல் கைவிட்டுப் போனது. கோபத்தில் லஃப்ராய்க்குக்குப் போகும் ஓடையைக் கல்லடுக்கி மறிக்கச் செய்தார். நீதிமன்றம் தலையிட்டுத் தண்ணீரைத் திறக்க வைத்தது. வழக்கில் தோற்றவர் வேறு வழி தேடினார். லகவூலின் வளாகத்துக்குள்ளேயே ‘மால்ட் மில்’ என்ற சிறு வடிசாலையைக் கட்டினார். சரக்கை வடிக்கும் வாலைகளை லஃப்ராய்க்கின் வடிவத்திலேயே செய்வித்தார். லஃப்ராய்க்கில் வேலை பார்த்தவரையே அழைத்து வந்து அமர்த்தினார்.

அதே தீவு, அதே தானியம், அதே புகை, தொழில் தெரிந்த அதே ஆள். வந்த விஸ்கி மட்டும் லஃப்ராய்க் ஆகவில்லை. மால்ட் மில் 1962 வரை ஓடியது. அதுவரை ஒருநாளும் அதன் சரக்கு லஃப்ராய்க்கின் சுவைக்கு வந்து சேரவில்லை.

ஐலாவின் மண்ணிலும் காற்றிலும் ஏதோ மாயம் இருப்பதற்கு இதையே சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. நான் இதை முடிவு சொல்லாத ஒரு சோதனையாகப் பார்க்கிறேன். மேக்கி பல காரணிகளை ஒன்றாக வைக்க முயன்றார். எது ஒன்றாக இருந்தது, எது நழுவியது என்று அறிய அன்று அவரிடம் வழி இல்லை. இன்று நம்மிடம் இருக்கிறது. தீவு விஸ்கிகளைச் சுவைத்து ஒப்பிடுவதில் உள்ள உண்மையான இன்பம், எனக்குத் தெரிந்தவரை, இந்தக் காரணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மூக்காலும் நாக்காலும் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது. எது பெரிது, எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான்.

முதலில் சட்டம், சுருக்கமாக. ஸ்காட்ச் விஸ்கிக்கான 2009ஆம் ஆண்டு விதிகளின்படி ‘சிங்கிள் மால்ட்’ என்பது ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு, வாலையில் தொகுதி தொகுதியாக வடித்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும். 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் ஸ்காட்லாந்திலேயே முதிர வேண்டும். புட்டியில் ஆல்கஹால் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. தண்ணீரையும் நிறத்துக்கான வெறும் கேரமலையும் தவிர வேறு எதையும் சேர்க்கக் கூடாது. அதே விதிகள் ஐலாவைத் தனி விஸ்கிப் பகுதியாக அங்கீகரிக்கின்றன. ஸ்கை, ஆர்க்னி, மல், ஜூரா, அரன் ஆகிய மற்ற தீவுகளுக்குச் சட்டத்தில் தனி இடம் இல்லை. அவை ‘ஹைலேண்ட்’ பகுதிக்குள் அடக்கம். ஆகவே ‘தீவு விஸ்கி’ என்பது சுவைப்பவர்களின் பேச்சு வழக்கில் மட்டும் உள்ள வகைப்பாடு. சுவையும் அந்த வகைப்பாட்டுக்கு முழுதாகக் கட்டுப்படாது. ஐலாவிலேயே புன்னஹாவன் வடிசாலையின் வழக்கமான விஸ்கியில் புகையே இல்லை.

புகை எங்கிருந்து வருகிறது? பார்லி முளைவிடத் தொடங்கியதும் அந்த முளையை நிறுத்த வேண்டும்; இல்லாவிட்டால் நொதிக்க வேண்டிய மாவுச்சத்தைச் செடியே தின்றுவிடும். நிறுத்துவதற்கு உலர்த்த வேண்டும்; இப்படி முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். மரம் அரிதான தீவுகளில் எரிக்கக் கிடைத்தது பீட். சதுப்பு நிலத்தில் பாசியும் புதர்ச்செடிகளும் செத்து, காற்றில்லாத ஈரத்தில் முழுதாக மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்த பழுப்பு மண்தான் பீட். அது ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். வெட்டுபவர் ஒரு மீட்டர் ஆழத்துக்குப் போனால், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளைத் தோண்டுகிறார்.

வெட்டிக் காயவைத்த பீட், கொழுந்துவிட்டு எரிவதைவிடப் புகைந்து எரிகிறது. அந்தப் புகையில் உள்ள ஃபீனால் வகைச் சேர்மங்கள் ஈரமான பார்லி உமியில் ஒட்டிக்கொள்கின்றன. உலர்ந்துவிட்ட மணியில் அவை அவ்வளவாக ஒட்டுவதில்லை. ஆகவே உலர்த்தலின் முதல் மணி நேரங்களில் தருகிற புகைதான் கணக்கு. இந்தக் குடும்பத்தில் முக்கியமான உறுப்பினர்கள் ஃபீனால், மூன்று வகைக் கிரெசால்கள், குவாயகால், அதன் உறவினரான மெத்தில் குவாயகாலும் எத்தில் குவாயகாலும், சிரிங்கால்.

இவற்றில் ஃபீனாலை நாம் எல்லோரும் முன்பே முகர்ந்திருக்கிறோம். ஜெர்மன் வேதியியலாளர் ரூங்கே 1834இல் நிலக்கரித் தாரிலிருந்து பிரித்து ‘கார்பாலிக் அமிலம்’ என்று பெயரிட்டது இதைத்தான். கிளாஸ்கோ மருத்துவமனையில் ஜோசப் லிஸ்டர் 1865இல் எலும்பு முறிந்த ஒரு சிறுவனின் காயத்தைக் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் கட்டினார். காயம் சீழ் பிடிக்காமல் ஆறியது. அறுவை மருத்துவத்தின் வரலாறு அங்கே திரும்பியது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு உலகெங்கும் ஆஸ்பத்திரி என்றாலே அந்த வாசனை. நம் ஊர்ப் பழைய சிவப்புக் கார்பாலிக் சோப்பிலும், தரை கழுவும் பினாயிலிலும் இருந்தது ஃபீனாலும் கிரெசாலும்தான். லஃப்ராய்க்கை முதன்முறை முகர்ந்தவர்கள் “ஆஸ்பத்திரி வாடை” என்று முகம் சுளித்தால், அது உவமை இல்லை. மூக்கு அதே மூலக்கூறைச் சரியாக அடையாளம் கண்டுவிட்டது.

விஸ்கிக் கடைகளிலும் ஆலைகளிலும் புகையின் அளவை ‘பிபிஎம்’ என்ற எண்ணால் சொல்வார்கள். பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு ஃபீனால் என்று பொருள். பௌமோர் 25 அளவில், லகவூலின் 35 அளவில், லஃப்ராய்க் 40 முதல் 45, ஆர்ட்பெக் 55. ப்ருக்லாடி வடிசாலையின் ஆக்டோமோர் வரிசை பெரும்பாலும் நூறைத் தாண்டும். அதில் ஒரு பதிப்பு 309ஐத் தொட்டது. இந்த எண்களை வைத்து வீரம் பேசுபவர்கள் நிறைய. எண்ணில் பொய் இல்லை. அது சொல்ல வருவது வேறு. வடிப்பதற்கு முந்தைய மால்ட்டில் இருந்த அளவு அது. கோப்பையில் இருக்கும் விஸ்கியின் அளவு அன்று.

மால்ட்டை அரைத்து வெந்நீரில் ஊறவைத்துச் சாறெடுக்கும்போது உமிச் சக்கையோடு ஒரு பகுதி போகிறது. வடிக்கும்போது வாலையின் அடியில் தங்கும் கழிவோடு இன்னொரு பகுதி. புதிதாக வடித்த சரக்கில் மிஞ்சுவது, ஆலையைப் பொறுத்து, மால்ட்டில் இருந்ததில் பாதியோ மூன்றில் ஒன்றோ. பீப்பாயில் ஆண்டுகள் ஏற ஏற அதுவும் குறைகிறது. அதனால்தான் ஒரே வடிசாலையின் 10 ஆண்டுச் சரக்கைவிட 25 ஆண்டுச் சரக்கில் புகை மென்மையாக இருக்கிறது.

இதைவிட முக்கியமான கோளாறு ஒன்று உண்டு. பிபிஎம் என்பது கூட்டுத்தொகை. நம் மூக்குக்கோ எல்லா ஃபீனால்களும் சமம் அல்ல. தண்ணீரில் வெறும் ஃபீனாலை உணரப் பத்து லட்சத்தில் சில பங்காவது வேண்டும். குவாயகாலை நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே உணர்ந்துவிடுவோம். குவாயகால் அடுப்புப் புகையின் மணம் தருவது; கிரெசால் தாரையும் மாட்டுத் தொழுவத்தையும் நினைவூட்டுவது. ஒரே 40 பிபிஎம் கொண்ட இரண்டு மால்ட்களில் குவாயகாலின் பங்கு வேறுபட்டால் இரண்டும் வேறு வேறு புகை. கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துப் புட்டி வாங்குபவர்களுக்காக நான் வருந்துகிறேன். அவர்கள் தேடுவது அந்த எண்ணுக்குள் இல்லை.

இனி ஒப்பீடு. நல்ல ஒப்பீட்டுக்கு ஒரே விதி: ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வை. விஸ்கியில் இந்த விதியை முழுதாகக் கடைப்பிடிக்க முடியாது. ஆனால் வியக்கத்தக்க அளவுக்கு நெருங்கலாம். அதற்கு ஐலாவே இரண்டு அருமையான இணைகளை வைத்திருக்கிறது.

முதல் இணை, லகவூலினும் கல்-ஈலாவும். இரண்டும் இன்று ஒரே நிறுவனத்தின் ஆலைகள். இரண்டுக்கும் மால்ட் வருவது ஐலாவிலேயே உள்ள போர்ட் எல்லன் மால்ட் ஆலையிலிருந்து. அது 1973இல் தொடங்கியது. புகையேற்றிய அளவும் ஏறக்குறைய ஒன்றே. லகவூலின் 16, கல்-ஈலா 12 என்ற பரவலாகக் கிடைக்கும் பதிப்புகள் இரண்டிலும் ஆல்கஹால் 43 விழுக்காடு. வயதில் 4 ஆண்டு இடைவெளி இருக்கிறது. பீப்பாய்களும் முற்றிலும் ஒன்றல்ல. இந்தக் குறைகளை மனதில் வைத்துக்கொண்டே இரண்டையும் அருகருகே ஊற்றிப் பாருங்கள். கல்-ஈலாவில் புகை மெலிந்து, கூர்மையாக, எலுமிச்சைத் தோலும் ஈரப் புல்லும் கலந்து எழுகிறது. வாயில் எண்ணெய்ப் பதம் லேசாக இருந்து சுத்தமாக முடிகிறது. லகவூலினில் அதே புகை கனத்து, உலர்பழத்தோடும் கறுத்த தேயிலையோடும் சேர்ந்து, விழுங்கிய பின்பும் நெடுநேரம் தொண்டையில் நிற்கிறது. ஒரே மால்ட்டிலிருந்து வந்தவை என்று சொன்னால் நம்பச் சிரமப்படுவீர்கள்.

வேறுபாட்டின் பெரும்பகுதி வாலையில் நடக்கிறது. விஸ்கியை இரண்டு முறை வடிப்பார்கள். முதல் வாலையில், நொதித்த சாற்றின் ஆல்கஹால் 8 விழுக்காட்டு அளவிலிருந்து இருபதுகளுக்கு ஏறுகிறது. இரண்டாம் வாலையில்தான் குணம் தீர்மானமாகிறது. ஆவி செப்புச் சுவரைத் தொட்டுக் குளிர்ந்து திரும்பி விழுந்து, மறுபடி ஆவியாகி மேலே ஏறும். எத்தனை முறை இப்படி விழுந்து எழுகிறதோ அத்தனைக்குக் கனமான மூலக்கூறுகள் பின்தங்கும். செம்பும் சும்மா இருப்பதில்லை. கந்தகச் சேர்மங்களைத் தன்னோடு பிணைத்து விலக்குகிறது. கல்-ஈலாவின் வாலைகள் பெரியவை. அவற்றை முழுக்க நிரப்புவதில்லை. ஆவிக்கு இடமும் செப்புப் பரப்பும் தாராளம். சரக்கு மெலிந்து தெளிகிறது. லகவூலினின் வாலைகள் பேரிக்காய் வடிவத்தில் அகன்று, இரண்டாம் வாலை ஏறக்குறைய விளிம்புவரை நிரப்பப்படுகிறது. அங்கே இரண்டாம் வடிப்பு 9 மணி நேரத்துக்கும் மேல் மெதுவாக நடக்கும். செம்பின் தொடுகை குறைவாகக் கிடைத்த கனமான ஆவி, தன் பாரத்தோடேயே வெளியே வருகிறது.

இதோடு சேர்ந்து வேலை செய்வது ‘வெட்டு’. இரண்டாம் வாலையிலிருந்து முதலில் வருவது முன்வடி, அதை ஒதுக்கிவிடுவார்கள். பிறகு வரும் நடுவடிதான் பீப்பாய்க்குப் போகும். கடைசியாக வரும் பின்வடி மறுபடி வாலைக்கே திரும்பும். பழ மணம் தரும் எஸ்டர்கள் ஓட்டத்தின் தொடக்கத்தில் மிகுதி. ஃபீனால்கள் பிற்பகுதியில்தான் மிகும். ஃபீனாலின் கொதிநிலை 182 டிகிரி, குவாயகாலுடையது 205 டிகிரி. ஆகவே நடுவடியை எப்போது தொடங்கி எப்போது நிறுத்துகிறார்கள் என்ற ஒரு முடிவிலேயே புகையின் அளவும் வகையும் மாறிவிடும். லஃப்ராய்க்கில் முன்வடியை 45 நிமிடம் ஓடவிடுகிறார்கள். இனிப்பான எஸ்டர்களில் ஒரு பகுதி அதோடு போய்விடுகிறது. பிறகு நடுவடியை ஆல்கஹால் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கும்வரை பிடிக்கிறார்கள். தாரும் மருந்தும் கலந்த அந்தக் கடைசிப் பகுதிதான் லஃப்ராய்க்கின் முகம். நகலெடுக்க முயன்ற ஆலையில் வெட்டு சில நிமிடம் முன்பின்னாக விழுந்தாலும் வேறு விஸ்கிதான் வரும். வாலையின் கழுத்துக் கோணம், நெருப்பின் வேகம், குளிர்விக்கும் நீரின் குளுமை என்று மேக்கியிடமிருந்து நழுவியிருக்கக்கூடியவை இன்னும் எத்தனையோ.

இரண்டாம் இணை இதற்கு நேர்மாறானது. வாலை ஒன்று, மால்ட் வேறு. ஐலாவின் மேற்குப் பக்கத்தில் 1881இல் கட்டிய ப்ருக்லாடி வடிசாலை, ஒரே வாலைகளில் புகையில்லாத பார்லியைக் கொண்டு ‘ப்ருக்லாடி’யையும், 40 பிபிஎம் மால்ட்டைக் கொண்டு ‘போர்ட் சார்லட்’டையும் வடிக்கிறது. ‘கிளாசிக் லாடி’, ‘போர்ட் சார்லட் 10’ ஆகிய இரண்டும் 50 விழுக்காட்டில் புட்டியில் அடைக்கப்படுகின்றன. இரண்டிலும் நிறம் சேர்ப்பதில்லை, குளிர்வடிகட்டலும் இல்லை. புகை என்ற ஒற்றைக் காரணி மற்றச் சுவைகளை என்ன செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இணையை நான் அறியேன். முதலாவதில் தேன், பார்லி, கனிந்த பேரிக்காய். இரண்டாவதில் இவை எதுவும் காணாமல் போகவில்லை. புகைக்குப் பின்னால் நிற்கின்றன. ஆக்டோமோரையும் இதோடு வைத்துப் பார்த்தால் இன்னொன்று விளங்கும். மால்ட்டில் மூன்று நான்கு மடங்கு ஃபீனால் இருந்தும் கோப்பையில் புகை அத்தனை மடங்கு ஏறுவதில்லை. அதன் உயரமான, ஒடுங்கிய கழுத்துள்ள வாலைகள் கனத்தைப் பிடித்து நிறுத்திவிடுகின்றன.

பீட்டும் எங்கும் ஒன்றல்ல. ஐலாவிலிருந்து வடக்கே வெகுதூரத்தில் உள்ள ஆர்க்னித் தீவுகளில் ஓயாத காற்று; மரங்களே அரிது. 1798இலிருந்து பெயர் விளங்கும் ஹைலேண்ட் பார்க் வடிசாலை, ஹாபிஸ்டர் என்ற தன் சதுப்பிலிருந்து பீட் வெட்டுகிறது. மேலடுக்கு, நடுவடுக்கு, ஆழடுக்கு என்று மூன்றையும் தனித்தனியாக எடுத்து எரிப்பார்கள். அங்கே ஹெதர் புதரின் வேரும் தண்டும் மிகுதி. ஹெதர் போன்ற கட்டைத்தண்டுச் செடிகளில் லிக்னின் உண்டு; லிக்னின் எரிந்தால் குவாயகாலும் சிரிங்காலும் கிடைக்கும். சதுப்புப் பாசியில் உண்மையான லிக்னின் இல்லை. அதிலிருந்து வரும் ஃபீனால்களின் விகிதம் வேறு. ஹைலேண்ட் பார்க்கின் புகையில் ஆஸ்பத்திரி இல்லை, ஊதுவத்தியும் உலர்பூவும்தான் என்று சுவைப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதில் ஒரு காரணம் இருக்கிறது. மற்றக் காரணங்கள், அங்கே புகையேற்றிய மால்ட் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் என்பதும், ஷெர்ரி ஊறிய பீப்பாய்களை அவர்கள் விரும்பிப் பயன்படுத்துவதும்.

தண்ணீரைப் பற்றிய நம்பிக்கையை இங்கேயே முடித்துவிடலாம். சதுப்பு வழியே வரும் பழுப்பு நிற நீரால்தான் புகைச் சுவை என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். எரியாத பீட்டில் புகை இல்லை. அதில் ஊறிவந்த நீரிலும் இருக்க முடியாது.

கடல் உப்பின் கதை இதைவிடப் பிடிவாதமானது. ஸ்கை தீவில் 1830இல் தொடங்கிய டாலிஸ்கரின் ஒவ்வொரு வருணனையிலும் உப்பும் அலையும் வரும். டாலிஸ்கரை நான் மிகவும் மதிக்கிறேன், 45.8 விழுக்காட்டில் வரும் அதன் 10 ஆண்டுச் சரக்கில் நாக்கின் நடுவில் வெடிக்கும் மிளகுக் காரத்துக்கு ஈடு வேறெந்தத் தீவிலும் கிடையாது. ஆனால் உப்பு ஆவியாகி வாலைக்கு மேலே வராது. டாலிஸ்கரும் கல்-ஈலாவும் வடிக்கும் சரக்கில் பெரும்பகுதி தீவில் முதிர்வதுமில்லை. பிரதான நிலத்தின் கிடங்குகளுக்குப் போய் அங்கே முதிர்கிறது. அப்படியானால் உப்பு எங்கே? என் கருத்தில், அது நாக்கில் இல்லை, நினைவில் இருக்கிறது. கடற்கரையில் காயும் பாசி, தார் பூசிய படகு, புகையேற்றிய மீன் ஆகியவற்றின் மணத்துக்கும் பீட் புகையின் மணத்துக்கும் நெருக்கம் உண்டு. மூக்கு அந்த மணத்தைச் சொன்னதும், அதோடு எப்போதும் சேர்ந்தே வரும் உப்பை மூளை இட்டு நிரப்பிவிடுகிறது. அதனால் அந்த அனுபவம் பொய்யாகிவிடாது. காரணம் மட்டும்தான் வேறு.

பீப்பாய்க்கு வருவோம். அமெரிக்காவில் பர்பன் விஸ்கியைப் புதிய, உட்புறம் கருக்கிய ஓக் பீப்பாயில்தான் முதிர வைக்க வேண்டும் என்பது சட்டம். ஒருமுறை பயன்பட்ட அந்தப் பீப்பாய்கள் லட்சக்கணக்கில் ஸ்காட்லாந்துக்கு வருகின்றன. அமெரிக்க ஓக்கில் உள்ள லாக்டோன் என்ற சேர்மம் தேங்காய் மணம் தரும். ஓக்கின் லிக்னின் சிதைந்து வெனிலினாகும். யூஜெனால், அதாவது கிராம்பின் மணப்பொருள், ஓக்கிலும் உண்டு. ஷெர்ரி பீப்பாயில் உலர்திராட்சையும் துவர்ப்பும் கூடும். கருக்கிய ஓக்கே சிறிது குவாயகாலைத் தரும் என்பதையும் மறக்க வேண்டாம். புகையேற்றாத விஸ்கியிலும் மெல்லிய புகை தட்டுவது அதனால்தான். முதிரும் காலத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 விழுக்காடு சரக்கு மரத்தின் வழியே காற்றில் போய்விடுகிறது.

இவ்வளவையும் அளக்கப்போகும் கருவி நம் மூக்கு. அதன் பலவீனங்களை அறியாமல் செய்யும் ஒப்பீடு வீண். முதல் பலவீனம், கண்ணிடம் ஏமாறுவது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் மொரோ, ப்ரோஷே, டுபூர்டியூ மூவரும் 2001இல் வெளியிட்ட சோதனையில், வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சுவைத்தவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அதை வருணித்தார்கள். விஸ்கியில் கேரமல் நிறம் சட்டப்படியே சேர்க்கப்படுவதால் கறுத்த சரக்கு வயதானது என்ற எண்ணம் இன்னும் ஆபத்தானது. நிறம் தெரியாத கோப்பையில் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் விளக்கைத் தணியுங்கள்.

இரண்டாவது, பழகிப்போவது. ஃபீனாலை முகர்ந்த சில நிமிடங்களில் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்துகிறது. லஃப்ராய்க்குக்குப் பின் டாலிஸ்கரை எடுத்தால் அது புகையே இல்லாத இனிப்பு விஸ்கியாகத் தோன்றும். மென்மையிலிருந்து கனத்துக்குப் போக வேண்டும் என்ற வழக்கம் இதனால் வந்தது. அது மட்டும் போதாது. இடைவெளி விட்டு, வரிசையை மாற்றி மறுபடி முகர வேண்டும். மூக்கு இப்படிப் பழகிப்போவது ஒரு நன்மையும் செய்கிறது. ஃபீனால் மங்கியதும் அதன் பின்னால் இருந்த பழமும் வெனிலாவும் முன்னே வரும். லஃப்ராய்க்கின் இனிமையைக் காண இதுவே வழி.

மூன்றாவது, எண்ணிக்கை. ஒரு கலவையில் எத்தனை மணங்களை மனிதர்களால் பிரித்தறிய முடியும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர் டேவிட் லைங் 1980களின் இறுதியில் சோதித்தார். மூன்று, மிஞ்சினால் நான்கு. தொழிலிலேயே இருப்பவர்களாலும் இதைப் பெரிதாகத் தாண்ட முடியவில்லை. புட்டி அட்டையில் பன்னிரண்டு மணங்களை அடுக்கியிருந்தால் அவை பன்னிரண்டும் ஒரே முகர்வில் வந்தவை அல்ல. நீங்கள் மூன்றைக் கண்டுபிடித்தால் அது முழுமையான வேலை.

தண்ணீர் சேர்க்கலாமா என்ற பழைய சண்டைக்கும் வேதியியலில் பதில் இருக்கிறது. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மன் இருவரும் 2017இல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் ஒரு கணினி உருவகப்படுத்தலை வெளியிட்டார்கள். ஆல்கஹால் 45 விழுக்காடு வரை உள்ள கலவையில் குவாயகால் மூலக்கூறுகள் திரவத்தின் மேற்பரப்பை ஒட்டி நிற்கின்றன. 59 விழுக்காட்டுக்கு மேல் போனால் எத்தனால் அவற்றைச் சூழ்ந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. நீர் சேர்க்காமல் பீப்பாய் வலிமையிலேயே அடைத்த ஆக்டோமோரில் சில துளி நீர் விட்டதும் புகை மேலே எழுவது ஏன் என்பதற்கு இது பொருத்தமான விளக்கம். ஆலைகளில் சரக்கைத் தரம் பார்ப்பவர்கள் 20 விழுக்காடு அளவுக்கு நீர்த்துத்தான் முகர்கிறார்கள். எத்தனாலின் எரிச்சல் தணிந்தால்தான் மற்றது தெரியும். தண்ணீர் சேர்ப்பதைக் குற்றமாகச் சொல்பவரிடம் இதைச் சொல்லலாம்.

நீங்கள் உண்மையில் வேறுபாட்டைக் கண்டறிகிறீர்களா, ஊகிக்கிறீர்களா என்று சோதிக்க ‘முக்கோணச் சோதனை’ இருக்கிறது. மூன்று கோப்பைகள், இரண்டில் ஒரே விஸ்கி, மூன்றாவதில் வேறு. ஊற்றுவது இன்னொருவர். தனித்து நிற்பது எது என்று சொல்ல வேண்டும். குருட்டு ஊகம் மூன்றில் ஒருமுறை பலிக்கும். ஐந்து சுற்றும் தொடர்ந்து ஊகத்தாலேயே சரியாக வர 243இல் ஒரு வாய்ப்புதான். லகவூலினையும் கல்-ஈலாவையும் இப்படிப் பிரித்தறிவது கடினமில்லை. லகவூலினையும் ஆர்ட்பெக்கையும் முயன்று பாருங்கள். தெற்கு ஐலாவின் இந்த அண்டை வீட்டார் பலரைத் திணறடிக்கிறார்கள்.

குடிக்காமலே இதில் பெரும்பகுதியைச் செய்யலாம் என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதுபானங்களை 1988இலேயே முதல் வகைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்துவிட்டது. பீட் புகைக்கும் ஓக் மரத்துக்கும் இதில் விதிவிலக்கு இல்லை. விஸ்கித் தொழிலின் தலைசிறந்த கலப்பாளர்கள் நாள் முழுவதும் மூக்கால்தான் வேலை செய்கிறார்கள். வாயில் வைத்ததைத் துப்பிவிடுகிறார்கள். ஒப்பீட்டுக்கு ஒரு கோப்பையில் 10 மில்லி தாராளம்.

தொடங்க விரும்புபவருக்கு என் பரிந்துரை இதுதான். கிளாசிக் லாடியும் போர்ட் சார்லட்டும் முதல் மாலை. கல்-ஈலாவும் லகவூலினும் அடுத்த மாலை. ஹைலேண்ட் பார்க்கும் லஃப்ராய்க்கும் அதற்கடுத்து. ஒரு மாலைக்கு ஒரு இணைக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் கண்ட மூன்று மணங்களை உங்கள் சொந்தச் சொற்களில் எழுதி வைத்துவிட்டு, அதன் பிறகே புட்டியின் அட்டையைப் படியுங்கள்.